ஆற்றில் கரைத்த புளியா?

2023 பிப்ரவரி 6ஆம் தேதி, விடிவதற்கு முன், துருக்கியின் தெற்கிலும் சிரியாவின் வடக்கிலும் பூமி குலுங்கியது. துருக்கியில் மட்டும் 50,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மறுநாளே நம் தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் மோப்ப நாய்களோடு விமானம் ஏறினார்கள். ராணுவ மருத்துவர்கள் இஸ்கெந்தெரூன் நகரில் கள மருத்துவமனை அமைத்தார்கள். அந்த வாரம் டீக்கடையிலும் கல்யாணப் பந்தியிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் நான் கேட்ட பேச்சு ஒன்றுதான். “இங்க இல்லாத கஷ்டமா? அங்க போய் எதுக்குக் கொட்டணும்? எல்லாம் ஆத்துல கரைச்ச புளிதான்.” அதற்கு முந்தைய ஆண்டு இலங்கைக்கு அரிசி போனபோதும் இதைக் கேட்டேன். 2025 மார்ச்சில் மியான்மரில் கட்டடங்கள் சரிந்தபோதும் கேட்டேன்.

இப்படிப் பேசுகிறவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. வாசலுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பாதவர்கள். தெருவில் ஒரு பிள்ளைக்கு ஆபரேஷன் என்றால் முதலில் பணம் எடுப்பவர்கள். அதனால்தான் இவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. உதவிப் பணம் வீணாவதே இல்லை என்று நான் வாதாடப் போவதில்லை. வீணாகியிருக்கிறது, சில இடங்களில் வெட்கப்படும் அளவுக்கு. ஆனால் ஏன் வீணானது என்று ஒவ்வொன்றாகக் கிளறிப் பார்த்தால், பல இடங்களில் அடியில் கிடப்பது வாங்கியவரின் திருட்டுக் கை அல்ல. கொடுத்தவருக்கு இருந்த நம்பாமை.

“தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்” என்பதிலிருந்து தொடங்குகிறேன். எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்தால்தானே மிஞ்சியதா இல்லையா என்று பேச முடியும்? 2022இல் இலங்கையின் பொருளாதாரம் விழுந்தது. மண்ணெண்ணெய்க்கும் மருந்துக்கும் மக்கள் நாள் கணக்கில் வரிசையில் நின்றார்கள். தமிழக அரசு 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், உயிர் காக்கும் மருந்துகள் என்று 123 கோடி ரூபாய்க்கு அனுப்ப முடிவு செய்தது. ஏழரைக் கோடிப் பேர் வாழும் மாநிலத்தில் அது தலைக்குச் சுமார் 16 ரூபாய். மாநில அரசு ஓராண்டில் செலவிடுவது 3 லட்சம் கோடிக்கும் மேல். அதில் ஒவ்வொரு 10,000 ரூபாய்க்கும் ஏறக்குறைய 4 ரூபாய்தான் கப்பலேறியது. நம் ஊர் அரசு மருத்துவமனையில் கட்டில் போதவில்லை என்றால், அந்த 4 ரூபாய் அதற்குக் காரணம் இல்லை. மீதி 9,996 ரூபாயைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி அது.

அந்த அரிசியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழர்களுக்கென்று தனியாகப் பிரித்து அனுப்ப வேண்டாம், எல்லாருக்கும் பொதுவாக அனுப்புங்கள் என்று இலங்கைத் தமிழர்களே கேட்டுக்கொண்டதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் சொன்னார். போரில் அத்தனையையும் இழந்த மக்கள் பக்கத்து வீட்டுக்காரனின் பசியையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள். இங்கே மூன்று வேளை உண்டுவிட்டு நாம் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தொகையைப் பெரிதாக நினைத்துக்கொள்வது நமக்கு மட்டும் உள்ள பழக்கமில்லை. மத்திய அரசின் செலவில் எவ்வளவு வெளிநாட்டு உதவிக்குப் போகிறது என்று அமெரிக்கர்களைக் கேட்டால், சராசரியாகக் கால் பங்கு என்கிறார்கள். பல ஆண்டுகளாகக் கருத்துக்கணிப்புகளில் இதே விடைதான். உண்மையில் போனது நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான். நம் வெளியுறவு அமைச்சகத்தின் மொத்த ஒதுக்கீடே மத்திய பட்ஜெட்டில் அரை சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. தூதரகங்களின் செலவெல்லாம் போக, பிற நாடுகளுக்கான உதவி அதில் ஒரு பகுதி.

அடுத்தது எல்லாரும் கையில் வைத்திருக்கும் வாதம். தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமலா இருப்பான்? நடுவில் இருப்பவர்கள் தின்றுவிடுகிறார்கள் என்பது. இதற்குச் சான்றாக உலகமே காட்டும் இடம் ஹைட்டி. 2010 ஜனவரி 12இல் நிலநடுக்கத்தில் அந்த ஏழைத் தீவு நாட்டின் தலைநகரம் தரைமட்டமானது. லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு மக்கள் கிட்டத்தட்ட 48.8 கோடி டாலர் கொடுத்தார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து இரண்டு செய்தி நிறுவனங்கள் அங்கே போய் விசாரித்தன. சங்கம் கட்டி முடித்திருந்த நிரந்தர வீடுகள் ஆறு. ஆறாயிரம் அல்ல, ஆறு. தற்காலிகக் குடில்களுக்கும் பழுதுபார்ப்புக்கும் வாடகை உதவிக்கும் மருத்துவமனைகளுக்கும் செலவிட்டோம் என்று சங்கம் விளக்கம் சொன்னது. அதில் உண்மையும் இருந்தது. ஆனாலும் அந்த ஆறு என்ற எண் பலரின் பணப்பைகளை மூட வைத்திருக்கும். அது போதாதென்று, அமைதி காக்க வந்த ஐ.நா. படையினரின் முகாமிலிருந்து காலரா ஆற்றில் கலந்து, சுமார் 10,000 பேரைக் கொன்றது. ஐ.நா. பொதுச் செயலாளர் அதற்கு மன்னிப்புக் கேட்க 2016 டிசம்பர் ஆனது. ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனத்தின் ஊழியர்கள் சிலர் அங்கே நடந்துகொண்ட கேவலம் 2018இல் வெளியே வந்தது. இவற்றில் எதையும் நான் மழுப்ப விரும்பவில்லை.

ஆனால் ஹைட்டியில் பணம் எந்த வழியாகப் போனது என்று பாருங்கள். நிலநடுக்கத்துக்குப் பின் வந்த மனிதாபிமான உதவிப் பணத்தில் ஹைட்டி அரசின் கைக்கு நேரடியாகப் போனது நூற்றில் ஒரு பங்கு. ‘அவர்கள் திருடிவிடுவார்கள்’ என்று கொடுத்தவர்களில் பலர் முன்கூட்டியே முடிவு கட்டியிருந்தார்கள். அதனால் பணம் வெளிநாட்டு நிறுவனங்கள் வழியாக, ஒப்பந்ததாரர்கள் வழியாக, அவர்களின் துணை ஒப்பந்ததாரர்கள் வழியாகச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒவ்வொரு கை மாறும்போதும் கொஞ்சம் கழிந்தது. வீடு கட்ட நிலம் வேண்டும், நிலத்துக்குப் பட்டா வேண்டும், பட்டாவைத் தீர்த்து வைக்க அரசு அலுவலகம் வேண்டும். அந்த அலுவலகம் இடிந்து கிடந்தது. அதை எழுப்பப் போதிய பணம் வரவில்லை. ஆறு வீடுகளோடு நின்றுபோனதற்குப் பட்டாச் சிக்கல் முக்கியமான காரணம். திருடர்கள் என்று யாரை ஒதுக்கினார்களோ, அவர்கள் இல்லாமல் ஒரு செங்கலும் நகராது என்பது பிறகுதான் புரிந்தது.

இதற்கு எதிர்ப்பக்கம் இந்தோனேசியாவின் ஆச்சே. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 1,60,000க்கும் மேற்பட்டோரை இழந்த மண். அங்கே உள்நாட்டுப் போர் வேறு நடந்துகொண்டிருந்தது. இந்தோனேசிய நிர்வாகத்துக்கு ஊழல் விஷயத்தில் அன்று நல்ல பெயரும் இல்லை. அங்கே அரசு என்ன செய்தது? மறுகட்டுமானத்துக்கென்றே தனி அமைப்பை உருவாக்கி, குந்தோரோ மங்குசுப்ரோத்தோ என்பவரிடம் ஒப்படைத்தது. ஜகார்த்தாவில் உட்காராமல் அழிந்த பந்தா ஆச்சேயிலேயே அலுவலகம். அமைப்புக்குள்ளேயே ஊழல் தடுப்புப் பிரிவு. கொடுத்த நாடுகளில் பல தங்கள் பணத்தை ஒரே நிதியில் போட்டன. நான்கு ஆண்டுகளில் சுமார் 1,40,000 வீடுகள் எழுந்தன. ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர் சாலை, 1,700 பள்ளிக்கூடங்கள். அங்கேயும் தரமில்லாத வீடுகள் இருந்தன, கமிஷன் அடித்தவர்களும் இருந்தார்கள். ஆனால் பணம் உள்ளூர் நிர்வாகத்தைச் சுற்றிப் போகாமல் அதன் வழியாகப் போனது, கண்காணிப்போடு போனது. ஹைட்டிக்கும் ஆச்சேக்கும் நடுவில் நான் காணும் பெரிய வேறுபாடு இதுதான்.

அதே சுனாமியில் இலங்கையில் நடந்ததை நினைத்தால் வயிறு எரிகிறது. அலை அதிகமாக அடித்தது கிழக்கையும் வடக்கையும். அரசும் விடுதலைப் புலிகளும் உதவியைச் சேர்ந்து நிர்வகிக்க 2005 ஜூனில் ஓர் உடன்பாடு செய்தார்கள். அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளுக்குத் தடை போட்டது, உடன்பாடு செத்தது. தெற்கே சில இடங்களில் தேவைக்கு மேல் வீடுகள் எழும்பின. அம்பாறைக் கரையில் மக்கள் தகரக் கொட்டகையில் ஆண்டுகளைக் கழித்தார்கள். அந்தப் பணம் போய்ச் சேராததற்கு உதவி என்ற எண்ணத்தைக் குற்றம் சொல்ல முடியுமா?

“பணமாகத் தர மாட்டேன், பொருளாகத் தருகிறேன். அதைத் திருட முடியாதே” என்று சொல்பவர்கள் நம் ஊரில் அதிகம். நல்ல எண்ணத்தில் சொல்கிறார்கள். இதற்குப் பதில் நாகப்பட்டினத்திலேயே இருக்கிறது. அதே சுனாமியில் அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. அடுத்த சில வாரங்களில் லாரி லாரியாகத் துணி வந்து இறங்கியது. நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் பழைய துணி. கிழிந்தது, சாயம் போனது, கடற்கரை வெயிலுக்கு ஆகாத கம்பளி. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அடுத்தவர் உடுத்திக் கழித்த சேலையை எடுப்பாளா? சாலையோரத்தில் மலை மலையாகக் கிடந்தது. மழையில் நனைந்தது. மாடு மேய்ந்தது. பிணங்களையும் இடிபாடுகளையும் அகற்ற வேண்டிய துப்புரவுத் தொழிலாளர்கள் துணியை அள்ள வேண்டியிருந்தது. கடைசியில் டெல்லியின் கூஞ்ச் அமைப்பு வந்து, அந்தக் குவியலை அள்ளித் தரம் பிரிக்கும் வேலையில் இறங்கியது. திருட்டுப் போகக் கூடாது என்று பொருளாகக் கொடுத்தோம். அதைத் திருடக்கூட யாரும் வரவில்லை.

படகுகளின் கதையும் இதுதான். அலையில் போன கட்டுமரங்களுக்குப் பதில் பைபர் படகுகள் வந்தன. கொடுப்பவருக்குப் படகு பிடித்திருந்தது. கண்ணுக்குத் தெரியும், பக்கவாட்டில் பெயர் எழுதலாம், படம் எடுத்து அனுப்பலாம். சுனாமிக்கு முன் இருந்ததைவிடச் சுனாமிக்குப் பின் படகுகள் கூடிப்போன கிராமங்கள் உண்டு. கடலில் மீன் கூடவில்லை. அதே நேரம் கூடையில் மீன் சுமந்து விற்ற பெண்களும், உப்பு ஏறிப்போன வயல்களில் கூலி வேலை பார்த்த தலித் குடும்பங்களும் உதவிப் பட்டியலின் கடைசியில் நின்றார்கள். அவர்களுடைய இழப்பு படம் எடுக்க வாகாக இல்லை. ஒரு குடும்பத்துக்கு என்ன தேவை என்று அந்தக் குடும்பத்துக்குத்தான் தெரியும். ஒரு வீட்டில் அடகு வைத்த நகையை மீட்க வேண்டும். இன்னொரு வீட்டில் மகளின் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். பணமாகக் கொடுத்தால் குடித்துவிடுவார்கள் என்று எண்ணி நாம் படகையும் போர்வையையும் தேர்ந்தெடுக்கிறோம். அதையே பிறகு வீணானதற்குச் சான்றாகவும் காட்டுகிறோம்.

நிர்வாகச் செலவைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. “நூறு ரூபாய் கொடுத்தால் நூறும் போய்ச் சேரணும்” என்கிறோம். மருந்து தானாக நடந்து போகாது. குளிர்பெட்டி வேண்டும், கிடங்கு வேண்டும், ஓட்டுநர் வேண்டும், யாருக்கு எத்தனை பெட்டி என்று எழுதிவைக்க ஓர் ஆள் வேண்டும், அவர் எழுதியதைச் சரிபார்க்க இன்னோர் ஆள் வேண்டும். இவை எல்லாம் நிர்வாகச் செலவில்தான் வரும். திருட்டைத் தடுக்கும் தணிக்கையாளரின் சம்பளமும் அதில்தான். 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தியபோது, நிர்வாகத்துக்குச் செலவிடக்கூடிய உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தார்கள். ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை இன்னோர் அமைப்புக்குப் பகிர்ந்து தருவதையும் தடை செய்தார்கள். பெருநகரத்து நிறுவனங்கள் தாக்குப்பிடிக்கும். அவர்களிடமிருந்து பகிர்வு பெற்று, மலைக்கிராமத்தில் நான்கு பேரை வைத்து வேலை பார்த்த சின்ன அமைப்புகள்தான் அடிபட்டன. திருட்டைப் பற்றி அஞ்சுகிற நாம் கணக்கெழுதுகிறவரை முதலில் வெளியேற்றுவது சரியா என்று யோசிக்க வேண்டும்.

“கொடுத்துக் கொடுத்துச் சோம்பேறி ஆக்குகிறோம்” என்பது இன்னொன்று. அறுபது வயதைத் தாண்டிய தமிழர்கள் இதைச் சொல்லும்போது எனக்கு வியப்பாக இருக்கும். அவர்களில் பலர் பள்ளிக்கூடத்தில் அலுமினியத் தட்டில் வாங்கிச் சாப்பிட்டது என்ன? காமராஜர் காலத்து மதிய உணவுத் திட்டத்துக்கு 1961இலிருந்து அமெரிக்காவின் கேர் நிறுவனம் உதவியது. பால் பவுடர் வந்தது, மக்காச்சோள மாவு வந்தது, கோதுமை ரவை வந்தது. அந்த மஞ்சள் உப்புமாவின் வாசனையை அந்தத் தலைமுறை இன்னும் மறக்கவில்லை. அதைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் சோம்பேறிகளா ஆனார்கள்? ஆசிரியர்களாக, பொறியாளர்களாக, செவிலியர்களாக ஆனார்கள். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கியபோது அது நம் மாநிலத்தின் சொந்தப் பணத்தில் நடந்தது. வாங்கிய கை தன் காலில் நின்றது.

நெல்லின் கதையும் அப்படித்தான். ஃபோர்டு, ராக்ஃபெல்லர் அறக்கட்டளைகளின் பணத்தில் 1960இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் 1966இல் ஐ.ஆர்.8 ரகத்தை வெளியிட்டது. வட ஆற்காட்டு விவசாயி ஒருவர் மகிழ்ச்சியில் தன் மகனுக்கு அந்த நெல்லின் பெயரையே வைத்தார். அன்றைய வேளாண் அமைச்சர் சி.சுப்பிரமணியமும் வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதனும் வெளிநாட்டு விதையை வாங்கித் தந்து உழவரைச் சோம்பேறி ஆக்கவில்லை.

உதவி என்ற பெயரில் கெடுக்கிற இடமும் ஒன்று உண்டு. மானியம் கொடுத்து விளைவித்த அமெரிக்க அரிசி ஹைட்டிக்குள் மலிவாக நுழைய வழிசெய்து, அந்நாட்டின் இறக்குமதி வரியைக் குறைக்க வைத்தார்கள். அந்நாட்டு நெல் விவசாயம் படுத்தது. வரியைக் குறைத்த காலத்தில் அமெரிக்க அதிபராக இருந்த பில் கிளிண்டன் 2010 மார்ச்சில் செனட் குழுவின் முன் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். ஹைட்டி உழவனின் கையிலிருந்து கலப்பையைப் பிடுங்கியது தருமம் அல்ல, வணிகம்.

“கொடுக்கிற நாடு ஏதோ கணக்கு வைத்துத்தான் கொடுக்கிறது” என்பதை நான் அப்படியே ஒப்புக்கொள்கிறேன். 1960களில் நாம் அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்திருந்தபோது, அதிபர் ஜான்சன் கயிற்றை இழுத்துப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். வியட்நாம் போர் பற்றி நம் தலைவர்கள் பேசியது அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த அவமானம் நம்மைச் சொந்தக் காலில் நிற்கத் தூண்டியது என்பதும் உண்மை. அந்தக் கோதுமை பீகாரின் வறட்சியில் உயிர்களைக் காத்தது என்பதும் உண்மை. பசித்த பிள்ளையின் வயிற்றில் கொடுத்தவரின் உள்நோக்கம் செரிக்காமல் நின்றதில்லை. உள்நோக்கம் இருக்கிறது என்று உதவியை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2025இன் தொடக்கத்தில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி அமைப்பைக் கலைக்கத் தொடங்கியது. மார்ச் 28இல் மியான்மரில் 7.7 அளவு நிலநடுக்கம். அமெரிக்காவிலிருந்து போனவர்கள் மூன்றே பேர். இடிபாடுகளுக்கு நடுவில் இருக்கும்போதே அவர்களுக்கும் வேலை போகிறது என்ற ஓலை வந்தது.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்பவர்களின் குரலில் களைப்பு இருக்கும். “எத்தனை கொடுத்தாலும் ஒன்றும் மாறுவதில்லை. அதே ஊர், அதே வெள்ளம், அதே பிணங்கள்.” இதற்கு நான் வங்கதேசக் கடற்கரையைக் காட்டுவேன்.

1970 நவம்பர் புயலில் அங்கே குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். அலை வருகிறது என்ற எச்சரிக்கை மக்களிடம் சரியாகப் போய்ச் சேரவில்லை, ஏறி நிற்க இடமும் போதவில்லை. 1972இல் செஞ்சிலுவை அமைப்பும் புதிதாகப் பிறந்த வங்கதேசத்தின் அரசும் சேர்ந்து, கிராமத்து ஆட்களையே எச்சரிக்கைத் தொண்டர்களாகப் பயிற்றுவிக்கத் தொடங்கினார்கள். வேலை மெதுவாகத்தான் நடந்தது. 1991இல் வந்த புயல் மீண்டும் சுமார் 1,38,000 பேரைக் கொண்டுபோனது. அப்போதும் கைகள் சோர்ந்து, ‘ஆற்றில் கரைத்த புளி’ என்று உலகம் விலகியிருக்கலாம். விலகவில்லை. வெளிநாடுகளின் பணத்திலும் கடனிலும் சொந்த அரசின் பணத்திலும் தூண்களின் மேல் நிற்கும் கான்கிரீட் புகலிடங்கள் கரை நெடுக எழுந்தன. 2007இல் சித்ர் புயல் கிட்டத்தட்ட அதே வலுவோடு வந்தது. இறந்தவர்கள் சுமார் 3,400 பேர். ஒவ்வொரு உயிரும் பெரிது, ஆனால் 1,38,000 எங்கே, 3,400 எங்கே? 2020இல் அம்பன் வந்தபோது, கொரோனாவுக்கு நடுவிலும், 24 லட்சம் பேரை அப்புறப்படுத்தினார்கள். அங்கே இறப்பு சில பத்துக்களில் நின்றது. அம்பன் முந்தைய புயல்களின் வலுவோடு அவர்கள் கரையைத் தொடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதைக் கழித்துப் பார்த்தாலும் மலைக்க வைக்கும் மாற்றம்.

இது பத்திரிகையில் முதல் பக்கச் செய்தி ஆகவில்லை. சாகாமல் போனவர்களைப் படம் எடுக்க முடியாதல்லவா. நம் ஈகையின் பெரிய குறையாக நான் நினைப்பது இதைத்தான். அது கேமரா போகிற இடத்துக்குப் போகிறது. 2004 சுனாமியில் பாதிக்கப்பட்ட ஒருவருக்குச் சராசரியாக 7,100 டாலர் உதவி திரண்டது. அதே ஆண்டு வங்கதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட ஒருவருக்குச் செலவானது 3 டாலர். உதவிகளை ஆராய்ந்த பன்னாட்டு மதிப்பீட்டுக் குழுவின் கணக்கு இது. சுனாமிப் பணம் குவிந்துகொண்டிருந்த 2005 ஜனவரியில் ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு, எங்களால் செலவிடக்கூடிய அளவு வந்துவிட்டது, சுனாமிக்கென்று இனி அனுப்ப வேண்டாம் என்று அறிவித்தது. ஏற்கெனவே கொடுத்தவர்களுக்கும் எழுதியது: உங்கள் பணத்தை யாரும் பேசாத வேறு பஞ்சங்களுக்கும் போர்களுக்கும் பயன்படுத்தலாமா? கொடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சரி என்றார்கள். கேட்டால் புரிந்துகொள்கிறார்கள் மனிதர்கள்.

வங்கதேசக் கரையில் இன்றும் புயல் உருவானால் தொண்டர்கள் கொடி ஏற்றுகிறார்கள். ஒரு கொடி என்றால் ஒரு நிலை, கொடிகள் கூடக் கூட ஆபத்தும் கூடும். ஒலிபெருக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு மண்பாதைகளில் சைக்கிளில் போகிறார்கள். நடக்க முடியாத கிழவிகளைத் தூக்கிக்கொண்டு புகலிடத்தின் படியேறுகிறார்கள். அந்தக் கட்டடங்களில் பல, புயல் இல்லாத நாட்களில் ஊரின் தொடக்கப் பள்ளிக்கூடம்.